சிவப்புக் கட்டம் என்ன சொல்லுது?



ரேங்க் கார்டு வாங்கினதும் நம்ம கண்ணு முதல்ல எங்கே போகும்? மொத்த மார்க்குக்கா? இல்லை! சிவப்பு மையில் கோடு இருக்கான்னுதான் தேடும். 35-க்குக் கீழே இருக்கும் மார்க்கின் அடியில் டீச்சர் ஸ்கேல் வைத்து ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பாங்க. கோடு இல்லை என்றால் ஒரு பெருமூச்சு. இருந்தால் அப்பாவிடம் கையெழுத்து வாங்கப் பயம்!

அந்தச் சிவப்புக் கோட்டைக் கம்ப்யூட்டரே போட்டால் எப்படி இருக்கும்? அதற்குப் பெயர்தான் "கண்டிஷனல் ஃபார்மேட்டிங்". தமிழில் "நிபந்தனை வடிவூட்டம்" என்று சொல்லலாம். "இந்த நிபந்தனை சரியாக இருந்தால் இந்தக் கலரைப் பூசு" என்று நாம் ஒரு தடவை சொல்லி வைத்தால் போதும். நாற்பது பேர் மார்க்கையும் எக்செல் தானே பார்த்துக் கலர் பூசிவிடும்.

மைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டீச்சர் போட்ட கோட்டை அழிக்க முடியாது. இதில் 34-ஐ 36 என்று திருத்தினால் சிவப்பு அந்த நொடியே மறைந்துவிடும். மார்க் மாறினால் கலரும் மாறும்.

கொஞ்சம் வரலாறு

கம்ப்யூட்டரில் கட்டம் கட்டிக் கணக்குப் போடும் "விசிகால்க்" என்ற மென்பொருள் 1979-ல் வந்தது. உருவாக்கியவர்கள் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் என்ற இரண்டு அமெரிக்கர்கள். 1983-ல் லோட்டஸ் 1-2-3 வந்தது. மைக்ரோசாஃப்ட்டின் எக்செல் 1985-ல் வந்தது. அதில் இந்தக் கலர் பூசும் வசதி எக்செல் 97-ல் சேர்ந்தது. அப்போது ஒரு கட்டத்துக்கு மூன்று நிபந்தனைகள்தான் கொடுக்க முடியும். எக்செல் 2007-ல் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. அம்புக்குறி, டிராஃபிக் சிக்னல் விளக்கு மாதிரிப் படங்களும் வந்தன.

நம்ம அக்கா, அண்ணன்கள் 2000-களில் +2 கணினி அறிவியல் படித்தபோது அவர்கள் பாடப்புத்தகத்தில் எக்செல் இல்லை, ஸ்டார் ஆபீஸ் கால்க் இருந்தது. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்துக்குப் பிறகுதான் பல வீடுகளுக்குள் முதல் கம்ப்யூட்டரே வந்தது. எந்த மென்பொருளாக இருந்தாலும் கலர் பூசும் வேலை ஒன்றுதான், மெனு மட்டும் கொஞ்சம் மாறும்.

எப்படிச் செய்வது?

1. மார்க் இருக்கும் கட்டங்களை மட்டும் மவுஸால் இழுத்து செலக்ட் பண்ணுங்க. மேலே உள்ள தலைப்பு வரிசையைச் சேர்க்காதீங்க.
2. ஹோம் என்ற இடத்தில் "கண்டிஷனல் ஃபார்மேட்டிங்" பட்டனைக் கிளிக் பண்ணுங்க.
3. "ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ்" போய் "லெஸ் தேன்" என்பதை எடுங்க. "இதைவிடக் குறைவு" என்று அர்த்தம்.
4. ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் 35 என்று அடித்து, பக்கத்தில் கலரைத் தேர்வு செய்து, ஓகே கொடுங்க.

அவ்வளவுதான்! லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்திருப்பவர்கள் ஃபார்மேட் மெனுவில் "கண்டிஷனல்" என்பதைத் தேடுங்க.

80-க்கு மேல் பச்சை வேண்டுமா? அதே வழியில் "கிரேட்டர் தேன்" எடுத்து 80 கொடுத்தால் போதும். கலர் கலரா மார்க் பட்டியல் ரெடி.

இதோடு கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் என் கையால் நடந்த ஒரு தப்பைச் சொல்லாமல் முடிக்க மனசு வரலை.

பச்சையில் ஒரு தப்பு, சிவப்பில் ஒரு தப்பு

ஒரு யூனிட் டெஸ்ட் மார்க்கை எக்செல்லில் ஏற்றும் வேலையை டீச்சர் என்னிடம் கொடுத்தாங்க. நானும் ஆசையா மேலே சொன்ன மாதிரியே செய்தேன். வராதவர்களுக்கு "ஏபி" என்று போட்டேன். சிவப்பில் இருந்தவர்களுக்கு மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் என்று முடிவானது. நான் பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசித்தேன்.

அன்று ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டே வந்து உட்கார்ந்தான். பின் பெஞ்சில் ரெண்டு பேர் சிரித்தார்கள். பேப்பரை எடுத்துப் பார்த்தால் அவன் வாங்கியது 62! அவன் மார்க்கை நான் ஏற்றவே மறந்திருக்கிறேன். கட்டம் காலி. காலிக் கட்டத்தை எக்செல் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் 35-ஐ விடக் குறைவுதானே? சிவப்பு பூசிவிட்டது.

இன்னொரு பிள்ளை, என் தோழிதான். டெஸ்ட் நடந்த வாரம் அவங்க வயலில் சின்ன வெங்காய அறுவடை. ஆள் கிடைக்காததால் அவளும் வயலுக்குப் போயிட்டாள். பாடமும் போச்சு, டெஸ்டும் போச்சு. ஸ்பெஷல் கிளாஸ் முதலில் அவளுக்குத்தான் தேவை. ஆனால் நான் அவள் பெயரை வாசிக்கவே இல்லை. ஏன் தெரியுமா? அவள் கட்டம் பச்சை!

ரெண்டு நாள் கழித்து அவளே பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஏன்டி, நான் எழுதவே இல்லையே, எனக்கு எப்படிப் பச்சை வந்துச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியலை. பிறகு டீச்சர்தான் விளக்கினாங்க. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடும்போது, எழுத்துதான் எந்த எண்ணையும் விடப் பெரியது என்று எக்செல் எடுத்துக்கொள்ளும். அதனால் "ஏபி" 80-ஐ விடப் பெரியது! பச்சை!

எக்செல் தப்புப் பண்ணவில்லை. நான் கேட்ட கேள்விக்கு அது சரியாகத்தான் பதில் சொன்னது. நான் மனசில் நினைத்த கேள்வி "யார் நன்றாக எழுதவில்லை?" என்பது. ஆனால் நான் அதனிடம் கேட்டது "எந்தக் கட்டம் 35-க்குக் குறைவு?" என்பது. ரெண்டும் வேறு வேறு கேள்வி.

சரி செய்த விதம்

"நியூ ரூல்" என்பதைக் கிளிக் செய்தால் ஒரு பட்டியல் வரும். அதில் கடைசி வரி "யூஸ் எ ஃபார்முலா" என்று தொடங்கும். அதை எடுத்துச் சூத்திரம் எழுதலாம். மார்க் சி என்ற பத்தியில், இரண்டாவது வரிசையிலிருந்து தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். (இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் எழுத்துகளை ஆங்கிலத்தில் அடிக்கணும்.)

சிவப்பு: =அண்ட்(இஸ்நம்பர்($சி2),$சி2<35)
பச்சை: =அண்ட்(இஸ்நம்பர்($சி2),$சி2>80)
மஞ்சள்: =நாட்(இஸ்நம்பர்($சி2))

"இஸ்நம்பர்" என்றால் "இது எண்தானா?" என்ற கேள்வி. "அண்ட்" என்றால் ரெண்டும் சரியாக இருக்கணும். எண்ணாகவும் இருக்கணும், 35-க்குக் குறைவாகவும் இருக்கணும். அப்போதுதான் சிவப்பு. "நாட்" என்றால் "இல்லை". எண் இல்லாத எல்லாமே மஞ்சள். காலிக் கட்டமும் மஞ்சள், "ஏபி"-யும் மஞ்சள். பார்க்க எண் மாதிரி இருந்து எழுத்தாகப் பதிவான மார்க்கும் மஞ்சளில் மாட்டிக்கொள்ளும்.

சி-க்கு முன்னால் டாலர் குறி எதற்கு? "பத்தியை விட்டு நகராதே" என்று கட்டிப்போடும் கயிறு அது. பெயரிலிருந்து கடைசிப் பத்தி வரைக்கும் செலக்ட் செய்து இதே சூத்திரம் கொடுத்தால், அந்த மாணவரின் முழு வரிசையுமே கலராகும். 2-க்கு முன்னால் டாலர் போடக் கூடாது. போட்டால் எல்லோரும் முதல் மாணவரின் மார்க்கைப் பார்த்தே கலர் ஆவார்கள்!

மஞ்சளுக்கு எங்கள் வகுப்பில் வைத்த அர்த்தம்: "போய்க் கேள்". மார்க் ஏற்ற மறந்தோமா, உடம்பு சரியில்லையா, வீட்டில் வேலையா என்று ஒருத்தர் நேரில் போய் விசாரிக்கணும். என்னைக் கேட்டால் சிவப்பைவிட மஞ்சள்தான் முக்கியம்.

நம்ம மாவட்டத்துக்கே கலர் பூசினாங்க!

இது வகுப்பறைக்குள் மட்டும் நடக்கும் சமாச்சாரம் இல்லை. 2020-ல் கொரோனா ஊரடங்கு. நாங்கள் அப்போது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். டிவியில் தினமும் சிவப்பு மண்டலம், ஆரஞ்சு மண்டலம், பச்சை மண்டலம் என்று சொல்வார்கள், ஞாபகம் இருக்கா? அதுவும் ஒரு நிபந்தனைக் கலர்தான்.

2020 ஏப்ரல் 30 தேதியிட்ட மத்திய சுகாதாரத் துறைப் பட்டியலில் நாடு முழுக்க 130 மாவட்டங்கள் சிவப்பு, 284 ஆரஞ்சு, 319 பச்சை. தமிழ்நாட்டில் 12 சிவப்பு, 24 ஆரஞ்சு. பச்சை ஒன்றே ஒன்றுதான், கிருஷ்ணகிரி. நம்ம பெரம்பலூர், அரியலூர் ரெண்டுமே ஆரஞ்சு.

நிபந்தனை என்ன? இதுவரை தொற்றே இல்லை, அல்லது கடைசி 21 நாளில் புதுத் தொற்று இல்லை என்றால் பச்சை. சிகிச்சையில் இருப்பவர்கள் எண்ணிக்கை, தொற்று இரட்டிப்பாகும் வேகம், பரிசோதனை அளவு போன்றவற்றைப் பார்த்துச் சிவப்பு. ஆரஞ்சு? சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை என்றால் ஆரஞ்சு!

மே மாதம் முதல் வாரத்திலேயே சென்னை கோயம்பேடு சந்தையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் மூலமாக நம்ம ரெண்டு மாவட்டத்திலும் தொற்று மளமளவென்று கூடியது. பட்டியல் போட்டவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தத் தேதிக்கு, அந்த நிபந்தனைக்கு அந்தக் கலர் சரி. ஆனால் "ஆரஞ்சுதானே, பயமில்லை" என்று யாராவது இருந்திருந்தால் அது தப்பு. கலர் நேற்றைய கணக்கைச் சொல்லும். நாளைக்கு நடக்கப்போவது அதற்குத் தெரியாது.

பச்சைக்குள்ளே யார்?

இப்போது ஒரு பெருமையான விஷயம். அரசுப் பொதுத்தேர்வு தேர்ச்சி விகிதத்தில் நம்ம பக்கம் மாநிலத்தில் முதலிடம் பிடித்த வருடங்களைப் பாருங்க.

2022, +2: பெரம்பலூர் – 97.95
2023, பத்தாம் வகுப்பு: பெரம்பலூர் – 97.67
2024, பத்தாம் வகுப்பு: அரியலூர் – 97.31
2025, +2: அரியலூர் – 98.82

கைதட்டலாம்! இதை எக்செல்லில் ஏற்றி "97-க்கு மேல் பச்சை" என்று சொன்னால் நாலும் பச்சை. "98-க்கு மேல் பச்சை" என்றால் ஒன்றே ஒன்றுதான் பச்சை. எண் மாறவே இல்லை. கோட்டை நாம் எங்கே போட்டோம் என்பதுதான் மாறியது.

இன்னொன்றும் பாருங்க. 97.31 என்றால் நூறு பேரில் கிட்டத்தட்ட மூன்று பேர் தேர்ச்சி பெறவில்லை. முதலிடம் பிடித்த மாவட்டத்திலேயே! பச்சைக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தால் அந்த மூன்று பேர் கண்ணில் படமாட்டார்கள். என் தோழி பச்சைக்குள்ளே மறைந்திருந்த மாதிரிதான்.

நினைவில் வைக்க

* பட்டியலின் அடியில் எந்தக் கலருக்கு என்ன நிபந்தனை என்று எழுதுங்க. தேதியும் போடுங்க.
* மூன்று கலருக்கு மேல் வேண்டாம். எல்லாம் கலராக இருந்தால் எதுவும் கண்ணில் படாது.
* சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரியும். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸிலும் அப்படித்தான். அதனால் கலரோடு தடித்த எழுத்தையும் சேர்த்துக் கொடுங்க.
* ஒரே கட்டத்துக்கு ரெண்டு நிபந்தனை பொருந்தி, ரெண்டும் வேறு வேறு கலர் கேட்டால், "மேனேஜ் ரூல்ஸ்" பட்டியலில் மேலே இருப்பதே ஜெயிக்கும்.
* கலர் பூசிய பிறகு நாலைந்து பேரின் பேப்பரை எடுத்து, கலர் சரிதானா என்று கையால் சரிபாருங்க.
* சிவப்புப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டாதீங்க. அது உதவி செய்கிறவர்கள் பார்க்க வேண்டியது, சிரிக்கிறவர்கள் பார்க்க வேண்டியது இல்லை.

உங்களுக்கு ஒரு வேலை

உங்க வீட்டில் மக்காச்சோளமோ பருத்தியோ வெங்காயமோ விற்ற விலையை அப்பா ஏதாவது நோட்டில் எழுதி வைத்திருப்பார். அதை வாங்கி லேபில் எக்செல்லில் ஏற்றுங்க. எந்த விலைக்குக் கீழே போனால் நஷ்டம் என்று அம்மா அப்பாவிடமே கேட்டு, அந்த எண்ணை நிபந்தனையாகக் கொடுங்க. எத்தனை கட்டம் சிவப்பாகிறது என்று பாருங்க. அந்த எண்ணைப் புத்தகம் சொல்லாது, அவங்கதான் சொல்லணும்.

அந்த 62 மார்க் பையனிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "பரவாயில்லை, அடுத்த தடவை காலிக் கட்டத்தைப் பார்த்து ஏத்து" என்றான். தோழிக்கு விட்டுப்போன பாடத்தை நாங்கள் நாலு பேர் சேர்ந்து மதிய இடைவேளையில் சொல்லிக் கொடுத்தோம். மறுதேர்வில் அவள் 71. அவள் கட்டம் இப்போது பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, வெறும் வெள்ளை.



– பதினோராம் வகுப்பு மாணவி