தொப்பூர் இறங்குமுன்...

பொங்கல் விடுமுறை வந்தால் பெங்களூர்த் தமிழர்களின் வண்டிகள் ஓசூர் சாலையில் வரிசை கட்டிவிடும். பாட்டி முதல் பேரன் வரை ஒரே வேனில்! கட்டுச்சோற்றுக்கு ஊறுகாய் எடுத்து வைத்தோமா என்று இரண்டு முறை பார்க்கிறோம். பிரேக்கை ஒரு முறையாவது பார்க்கிறோமா?

ரயில்வேயில் காலம் கழித்தவன் என்பதால் கேட்கிறேன். சக்லேஷ்பூரிலிருந்து சுப்ரமண்யா வரையிலான மலைப்பாதையின் சரிவு ஐம்பதுக்கு ஒன்று. அங்கே ரயிலை நிறுத்தி, பிரேக்கைச் சோதித்த பிறகுதான் கீழே இறக்குவார்கள். நமக்கும் தருமபுரி தாண்டியதும் தொப்பூர் கணவாய் காத்திருக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் வேனின் இடது முன்சக்கரத்தில் 'கீச்' என்று சத்தம். பட்டறையில், "தூசி சார், தானே போய்விடும்" என்றார்கள். மனம் ஒப்பவில்லை. நானே சக்கரத்தைக் கழற்றினேன். வெளிப்பக்கப் பேட் பாதி இருந்தது. உள்பக்கப் பேடில் ஒரு மில்லிமீட்டர்தான் பாக்கி! காலிப்பர் நகர உதவும் பின் துருப்பிடித்து இறுகியதே காரணம். வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு இது தெரியாது. அப்படியே கிளம்பியிருந்தால் வண்டியில் ஏழு பேர்.

பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் முன்பக்கப் பேட்களே அதிகம் உழைக்கின்றன. பேட் மூன்று மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுங்கள். இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையேல் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். தாமதித்தால் இரும்பு உரசி டிஸ்க்கும் கெடும், செலவும் பல மடங்காகும்.

கைவேலை பழகியவர்களுக்கு: சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். நட்டுகளைத் தளர்த்திய பிறகு ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டும் கொடுங்கள். கீழ் போல்ட்டைக் கழற்றிக் காலிப்பரை மேலே தூக்கிக் கம்பியால் கட்டுங்கள். பிரேக் குழாயில் தொங்கவிடாதீர்கள். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பின்களைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கு உரிய கிரீஸ் தடவுங்கள். பேடிலும் டிஸ்க்கிலும் படக்கூடாது. பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளுங்கள். அப்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும், வழிந்தால் பெயிண்ட் போய்விடும். புதுப் பேட்களைப் பொருத்தி, எல்லாவற்றையும் முறுக்கி மூடுங்கள்.

முக்கியமான ஒன்று: வண்டியை நகர்த்துமுன் பிரேக் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். மறந்தால் முதல் மிதி சும்மா உள்ளே போகும்!

பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடமே விடுங்கள். ஆனால் அருகில் நின்று, "உள்பக்கப் பேடையும் காட்டுப்பா" என்று கேளுங்கள். புதுப் பேட் படிய இருநூறு கிலோமீட்டராவது வேண்டும். ஆகவே பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே மாற்றுங்கள்.

தொப்பூரில் நியூட்ரல் வேண்டாம், கீழ் கியரில் இறங்குங்கள். ஊரில் பொங்கல் பானையோடு வாசலைப் பார்த்துக் காத்திருப்பவர்களிடம் பத்திரமாகப் போய்ச் சேருங்கள்.