முதல் கமரா வாங்குமுன்

கலைவிழா, பரிசளிப்பு விழா, உறவினர் வீட்டுக் கல்யாணம் என்று வந்துவிட்டால், "ஒரு நல்ல கமரா இருந்தால்!" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அதன் விலையில் வாப்பாவின் பல மாதச் சேமிப்பு அடங்கியிருக்கலாம். எனவே கடைக்குப் போகுமுன் எதைப் பார்த்து வாங்குவது என்பதை அறிந்திருக்க வேண்டும். உதாரணமாக, 2018ஆம் ஆண்டு கெனன் நிறுவனம் புதிதாகப் பழகுவோருக்காக வெளியிட்ட ஈஓஎஸ் 4000டி, ஈஓஎஸ் 1500டி ஆகிய இரண்டையும் ஒப்பிடுவோம். எந்தக் கமராவையும் மதிப்பிடும் முறை இதிலிருந்து விளங்கும்.

மெகாபிக்சல் மயக்கம்

கடையில் முதலில் சொல்லப்படுவது மெகாபிக்சல் கணக்கு. 4000டியில் 18, 1500டியில் 24. ஒரு மெகாபிக்சல் என்பது பத்து இலட்சம் புள்ளிகள். ஏ4 தாள் நிறையத் தெளிவாக அச்சிட ஏறத்தாழ 9 மெகாபிக்சல் போதும். ஆகவே இந்த எண்ணுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

அப்படியானால் கைத்தொலைபேசியே போதாதா? பகல் வெளிச்சத்தில் பெரும்பாலும் போதும். வேறுபாடு இருப்பது ஒளியைப் பதிவுசெய்யும் சென்சரின் பரப்பில். இவ்விரு கமராக்களின் சென்சரும் ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் நீளமும் 15 மில்லிமீற்றர் அகலமும் கொண்டவை. சாதாரண கைத்தொலைபேசியில் இருப்பதோ சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. மழைநீர் பிடிக்க வைக்கும் பாத்திரம் அகலமாக இருந்தால் நீர் அதிகம் சேரும் அல்லவா? ஒளியும் அப்படித்தான்.

விலை வித்தியாசம் எதற்கு?

4000டியில் வில்லையைப் பொருத்தும் வளையம் பிளாஸ்டிக்கால் ஆனது, 1500டியில் உலோகம். 4000டியின் திரை சிறியது, தெளிவும் குறைவு. மூக்குக்கண்ணாடி அணியும் மாணவிகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: பார்வைக்கேற்பக் காட்சித் துவாரத்தைச் சரிசெய்யும் வசதி 1500டியில் உண்டு, 4000டியில் இல்லை. இரண்டிலுமே வெளி மைக் இணைக்க முடியாது. நாடகமோ பேச்சோ வீடியோ எடுக்க விரும்புவோர் இதை மறக்கக்கூடாது.

வில்லையே முக்கியம்

இவற்றுடன் வழக்கமாக வருவது 18-55 வில்லை. அதன் பெயரில் 'ஐஎஸ்' என்ற எழுத்துகள் உள்ளனவா என்று பாருங்கள். இருந்தால் கைநடுக்கத்தால் படம் கலங்குவது குறையும். ஒரே கமராவை ஐஎஸ் உள்ள வில்லையோடும் இல்லாத வில்லையோடும் விற்கிறார்கள்.

மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் இந்த வில்லை திணறும். அதை 55 மில்லிமீற்றருக்கு இழுத்தால் துவாரம் எப் 5.6 அளவுக்கே திறக்கும். 50 மில்லிமீற்றர் எப் 1.8 வில்லையோ ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடும். பௌதிகவியல் படிப்போர் இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஆகவே விலை கூடிய கமராவைவிட, விலை குறைந்த கமராவும் இப்படியொரு வில்லையும் விழாப் படங்களுக்கு அதிகம் உதவும்.

பழையது வாங்கினால்

நல்ல நிலையிலுள்ள பழைய கமராவும் தவறான தெரிவல்ல. துவாரத்தை எப் 16 ஆக்கி ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுங்கள். சென்சரில் தூசி இருந்தால் கரும்புள்ளிகளாகத் தெரியும். வில்லையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பூஞ்சணம் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டின் ஈரக் காற்றில் அது எளிதில் பிடிக்கும். புதியது வாங்கினால், உத்தரவாதம் தருவது கடையா, நிறுவனத்தின் முகவரா என்று கேட்டுப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். மெமரி கார்ட், பை, மேலதிக பற்றரி ஆகியவற்றின் செலவையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

படங்கள் அமானிதம்

கல்யாண வீட்டில் பெண்கள் பகுதியில் படமெடுக்க இன்று பெண்களையே தேடுகிறார்கள். கமரா பழகிய மாணவிக்கு அது வருமானம் தரும் நல்ல வாய்ப்பு. ஆனால் அந்தப் படங்கள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அழித்த படங்களையும் சில மென்பொருள்களால் மீட்டெடுக்க முடியும். எனவே கமராவைத் திருத்தக் கொடுத்தாலும் விற்றாலும் மெமரி கார்டைக் கழற்றி நம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோரே, பிள்ளை கமரா கேட்டால், "என்ன படம் எடுக்கப் போகிறாய், எந்த இடத்தில், எந்த வெளிச்சத்தில்?" என்று கேளுங்கள். மாணவிகளே, அதற்கு விடை தயாராக இருந்தால் மட்டும் கடைக்குப் போங்கள். விடை இல்லையென்றால் இப்போதைக்குக் கைத்தொலைபேசியிலேயே பழகலாம். பணமும் மிஞ்சும்.