இன்ஜின் விளக்கு எரிகிறதா? அது காரின் எர்ரர் மெஸேஜ்!

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் 'கீபோர்டு எர்ரர்' என்று வருகிறது. உடனே புது கீபோர்டு வாங்க ரிச்சி தெருவுக்கு ஓடுவீர்களா? பின்பக்கம் வயர் ஒழுங்காகச் செருகியிருக்கிறதா என்றுதானே முதலில் பார்ப்பீர்கள்! கார் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்டு மஞ்சளாக எரிகிற விளக்கும் இப்படி ஓர் எர்ரர் மெஸேஜ்தான்.

காருக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. பெயர் இசியு. கீபோர்டு, மவுஸுக்குப் பதில் இதற்கு சென்சார்கள். உள்ளே போகும் காற்று எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு, புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் எவ்வளவு என்று ஓயாமல் கேட்டு, பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. கணக்கு உதைத்தால் ஒரு கோடு எண்ணை மெமரியில் எழுதிவைத்து, விளக்கைப் போடுகிறது. பல கோளாறுகளுக்கு, அடுத்த பயணத்திலும் அதே தவறு வந்தால்தான் விளக்கு எரியும்.

திருவொற்றியூரில் தயாரான பழைய கார்புரேட்டர் புல்லட்டில் இந்த விளக்கே கிடையாது. மெக்கானிக்கின் காதுதான் அதற்கு சென்சார்! 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதிமுறை வந்தபின் புல்லட்டுக்கும் இந்த விளக்கு வந்துவிட்டது.

ராயபுரத்தில் இருக்கும் என் மாமாவின் காரில் இந்த விளக்கு எரிந்தது. மெக்கானிக் ஆக்சிஜன் சென்சாரை மாற்றி, நாலாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, மெமரியையும் அழித்துக் கொடுத்தார். விளக்கு அணைந்தது. மூன்றாம் நாள் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மறுபடி எரிந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் என் புளூடூத் அடாப்டரைச் செருகி, செல்போனில் பார்த்தேன். பி0171. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். அதைச் சொன்னது ஆக்சிஜன் சென்சார். உள்ளதைச் சொன்னவனைத்தான் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்! நிஜக் குற்றவாளி, விரிசல் விட்ட ஒரு சின்ன ரப்பர் ஹோஸ். காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டிய இடத்தில் அது இருந்ததால், அதன் வழியே நுழைந்த காற்று இசியுவின் கணக்கிலேயே வரவில்லை. ஹோஸை மாற்றியதோடு சரி.

கோடு என்பது கோளாறின் அடையாளம். மாற்ற வேண்டிய பாகத்தின் பெயர் அல்ல. ஆகவே மெக்கானிக் அதை அழிப்பதற்கு முன் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

விளக்கு நிலையாக எரிந்து, கார் வழக்கம்போல் ஓடினால், பதற்றம் வேண்டாம். மெதுவாக ஓட்டிச் சென்று ஓரிரு நாளில் காட்டலாம். விட்டு விட்டு மின்னினால் விஷயம் வேறு. இன்ஜினில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். அதன் விலை ஹோஸ் விலை அல்ல! ஓரமாக நிறுத்திவிடுங்கள். எண்ணெய்க் குடுவைப் படத்துடன் சிவப்பாக எரிவது இந்த விளக்கே அல்ல, ஆயில் பிரஷர் விளக்கு. அது எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணையுங்கள்.