நூல்களும் வாசகர் தீர்ப்பும்

ஒரு நூலைப் பற்றி அபிப்பிராயம் கூற உரிமையுள்ளவர் யார்? பண்டிதர் மட்டுமா? அல்லது காசு கொடுத்து வாங்கியோ நூலகத்தில் இரவல் பெற்றோ அதைப் படித்து முடித்த சாமானிய வாசகருமா? தாம் படித்த நூல்களைக் குறித்து எழுதுமாறு நாம் கேட்டுக்கொண்டதற்கிணங்க, கொடுமுடியிலிருந்தும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலிருந்தும் நேயர்கள் விடுத்துள்ள கடிதங்கள் இக்கேள்வியை நம் முன் வைக்கின்றன.

கடிதங்கள் பலதிறப்பட்டவை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பெரியசாமித் தூரன் அவர்கள் முதன்மை ஆசிரியராயிருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தைப் பற்றி எழுதுகிறார். தூரன் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிப் பக்கத்தவர் என்பதில் அவருக்குப் பெருமை. ஆனால் விஞ்ஞானக் கட்டுரைகள் பழமைப்பட்டுவிட்டன என்று சொல்லவும் அவர் தயங்கவில்லை. குடும்பத் தலைவி ஒருவர், கல்கி 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதிய 'பொன்னியின் செல்வ'னை மூன்று முறை படித்தவராம். நந்தினிக்கு ஆசிரியர் நியாயம் செய்யவில்லை என்பது அவர் கட்சி.

மஞ்சள் பயிரிடும் குடியானவர் ஒருவரின் கடிதம் நம்மை வெகுவாகக் கவர்ந்தது. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வெளிவந்த நாவல். கொங்கு நாட்டுக் குடியானவர் பேசும் பேச்சை அப்படியே உரையாடலில் வைத்தது. கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தனிடம் நிலத்தில் பாகம் கேட்கிறாள். முடிவில் கொலை விழுகிறது. “அவள் பிடிவாதக்காரி என்றே எங்கள் ஊரில் சொல்லுகிறார்கள். அவள் கேட்டதில் தப்பு என்ன?” என்று கேட்கிறார் அந்த நேயர். சட்டம் அறிந்தோர் இதற்கு விடை கூறலாம். ஹிந்து விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு தரும் சட்டம் 1937இல் இயற்றப்பட்டது. ஆயினும் விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941இல் பெடரல் கோர்ட்டு கூறிவிட்டது. சென்னை மாகாணத்தில் விவசாய நிலத்துக்கும் அது விரிவாக்கப்பட்டது 1947இல்தான். ஆகவே நாவல் வெளிவந்த ஆண்டில், நாகம்மாளைப் போன்ற ஒருத்திக்கு அந்தச் சட்டத்தின் துணையில்லை. நம் நேயருக்கு இச்சட்ட வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. கதையைக் கருத்தூன்றிப் படித்தே அநீதியின் இடத்தை அவர் கண்டுகொண்டார். சாமானிய வாசகரின் அபிப்பிராயத்துக்கு மதிப்பு உண்டென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, கசப்பான இரு கடிதங்கள். இரண்டும் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலைக் கண்டிப்பவை. முதற் கடிதத்தார் நாவலை முழுதும் படித்திருக்கிறார். காளி, பொன்னா தம்பதியரின் மலட்டுத் துயரம் தம் நெஞ்சைத் தொட்டதென ஒப்புகிறார். ஆயினும், திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாளைப் பற்றிய சித்தரிப்பு, அத்தலத்தைக் கும்பிடுவோர் மனத்தைப் புண்படுத்துகிறதென்று பக்கம் சுட்டி வாதிக்கிறார். இரண்டாம் கடிதத்தார், “அந்நூலைக் கையாலும் தொடேன்; அதைத் தடுக்க வேண்டும்” என்கிறார். முதலாவதைப் பிரசுரிக்கிறோம். இரண்டாவதைப் பிரசுரிப்பதற்கில்லை. காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்நாவல் 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் அது கடைகளில் அமைதியாகவே விற்றது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி மூண்டு, பிரதிகள் கொளுத்தப்பட்டன. 2015 ஜனவரி 12ஆம் தேதி நாமக்கல்லில் மாவட்ட அதிகாரிகள் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் ஆசிரியர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கோர நேர்ந்தது. பிறகு, தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். காவிரியைக் கடந்தால் நாமக்கல் மாவட்டம். கொடுமுடியும் திருச்செங்கோடும் கொங்கேழு தலங்களுள் சேர்ந்தவை. ஆகையால் இதை எங்கோ நடந்த விவகாரமென்று இவ்வூரார் ஒதுக்க இயலாது.

2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை ஐக்கோர்ட்டு தீர்ப்பளித்தது. அந்தச் சமாதான உடன்படிக்கை ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது என்றும், நூல் பிடிக்காதவர் அதை மூடி வைத்துவிடலாம், படிக்குமாறு அவரை யாரும் நிர்ப்பந்திக்கவில்லை என்றும் நீதிபதிகள் கூறினர்; ஆசிரியர் மீண்டும் எழுத வேண்டுமென்றும் விரும்பினர். அவரும் எழுதினார். ஆயினும் ஒன்றரை ஆண்டுக் காலம் ஓர் எழுத்தாளரின் வாய் அடைபட்டிருந்தது. அந்நஷ்டத்தை எந்தத் தீர்ப்பும் ஈடு செய்யாது.

புண்பட்டோருக்குப் பேச உரிமையில்லை என்பது நம் கட்சியன்று. நூலாசிரியருக்கு எழுதும் சுதந்திரம் உண்டெனில், வாசகருக்கு அதைக் கடிந்துரைக்கும் சுதந்திரமும் உண்டு. ஆனால் கண்டிப்பது வேறு, தடுப்பது வேறு. கண்டிப்பவர் தம் தீர்ப்பைப் பிறர் முன் வைக்கிறார். தடுப்பவரோ பிறர் தீர்ப்புக் கூறும் உரிமையையே பறிக்கிறார். படித்துக் கண்டிப்பவருக்கு விடை கூறலாம். படியாமலே கண்டிப்பவருக்கு எதைக் காட்டி விடை கூறுவது? சாட்சியத்தைக் கேளாது தீர்ப்பெழுதும் நீதிபதியை எந்த நாடு பொறுக்கும்?

இது மேல்நாட்டாரிடம் நாம் கடன் வாங்கிய கொள்கையுமன்று. நம் முன்னோர் நூலை அரங்கேற்றினர். புலவர் சபையில் பாடல்தோறும் படித்துப் பொருள் கூற வேண்டும். கேட்போர் தடை எழுப்புவர். ஆசிரியர் விடை இறுப்பர். குறை காண வந்தவரும் உட்கார்ந்து கேட்டாக வேண்டும் என்பது அச்சபையின் முறை. கேளாதவருக்கு அங்கே தடை எழுப்பும் வாய்ப்பில்லை.

இன்று அச்சபையின் இடத்தில் இருப்பது பொது நூலகம். சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகளுள், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டுமென்பது ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டுமென்பது மற்றொன்று. அவர் முயற்சியின் பயனாகச் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியது. அப்போது கல்வி மந்திரியாயிருந்தவர் நம் கொங்கு நாட்டுத் திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம். வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகிற ஒவ்வொருவரும் அலமாரியிலுள்ள நூல்களுக்குப் பங்காளி. தமக்குப் பிடிக்காத நூலை அங்கிருந்து அகற்றச் சொல்பவர், தம் பங்கோடு அயலார் பங்கையும் சேர்த்துக் கேட்கிறார்.

ஆகவே நேயர்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே. தொடர்ந்து எழுதுங்கள். போற்றியும் எழுதலாம், தூற்றியும் எழுதலாம். பெயர் பெற்ற ஆசிரியரென்று அஞ்ச வேண்டாம். முழுதும் படித்தபின் எழுதுங்கள். மனம் நொந்த இடத்தின் பக்க எண்ணைக் குறியுங்கள். அத்தகைய கடிதம் நம் கருத்துக்கு எவ்வளவு மாறானதாயினும் இப்பத்தியில் இடம் பெறும். இரண்டாம் கடிதத்தை எழுதிய நண்பருக்கும் வாசல் அடைபடவில்லை. அவர் நாவலைப் படித்துவிட்டு, இதைவிடக் கடுமையாக எழுதினாலும் அதையும் பிரசுரிப்போம்.