நிரல் எழுதியவர் நிர்வாகியாகும்போது

நெசவாளர் இல்லங்களிலும் குடியானவர் இல்லங்களிலும் பிறந்து, கல்லூரியில் பயின்று, கணிப்பொறிக்கு மென்பொருள் எழுதும் தொழிலில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் இன்று பலர். அவர்களுள் ஏழெட்டு ஆண்டுகள் திறம்படப் பணியாற்றிய ஒருவரை மேலதிகாரி அழைத்து, இனிப் பத்துப் பேர் கொண்ட குழுவொன்றுக்குத் தலைமை ஏற்குமாறு கூறுவது அத்தொழிலில் வழக்கம். பெற்றோருக்கு இது பெருமகிழ்ச்சி அளிக்கிறது. ஊதியம் உயர்கிறது, பதவியின் பெயரும் நீளுகிறது. ஆயினும் ஆறு மாதங்கள் கழித்துப் பண்டிகைக்கு ஊர் வரும் மகனோ மகளோ, “நாள் முழுவதும் ஓய்வில்லை, ஆனால் மாலையில் எண்ணிப் பார்த்தால் நான் செய்து முடித்தது இன்னதென்று சொல்ல ஒன்றுமில்லை” என்று சோர்ந்து கூறுவதைக் கேட்கிறோம். இச்சோர்வின் காரணம் யாது, அத்தொழிலில் மூத்தோர் இதைப் பற்றிக் கண்டறிந்தவை யாவை என்பதை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணிப்பொறி எந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதப்படும் கட்டளைத் தொகுதிக்கு நிரல் என்று பெயர். நிரல் எழுதுவோருக்குத் தம் வேலையின் பலன் உடனுக்குடன் தெரிந்துவிடும். கட்டளை சரியாக இருப்பின் பொறி இயங்கும். பிழை இருப்பின் நின்றுவிடும். தறியில் அமர்ந்தவர் மாலையில் எழும்போது இத்தனை முழம் நெய்தோம் என்று அளந்து பார்ப்பதைப் போல, அவரும் அன்றைய வேலையை அளந்து காணலாம். குழுவின் தலைவரானபின் இந்த அளவுகோல் கையை விட்டுப் போய்விடுகிறது. ஒருவருடைய ஐயத்தைத் தீர்ப்பதும், இருவருக்கிடையே எழுந்த பிணக்கை ஆற்றுவதும், புதிதாக வந்தவருக்கு வேலை பழக்குவதும் அன்று மாலையே பலன் காட்டுவன அல்ல. ஆகவே இது ஒரே ஏணியில் அடுத்த படி ஏறுவதன்று. ஒரு தொழிலை விட்டு வேறொரு தொழிலில் புகுவதே ஆகும். இதை உணராமையால் விளையும் துன்பங்களே மிகுதி.

இத்துன்பங்களைத் தம் அனுபவத்திலிருந்தே விரிவாக எழுதி வைத்தவர் பிரடரிக் புரூக்ஸ் என்னும் அமெரிக்கர். 1931-ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்தில் பிறந்த இவர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று, ஐ.பி.எம். நிறுவனத்தில் கணிப்பொறியின் அமைப்பை வகுக்கும் பொறியாளராகச் சேர்ந்தார். பின்னர் அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற சிஸ்டம்/360 வரிசைக் கணிப்பொறிகளை உருவாக்கும் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1964-இல் அவ்வரிசை வெளியிடப்பட்ட காலத்தில், அப்பொறிகளை இயக்கும் ஓ.எஸ்./360 என்னும் மாபெரும் மென்பொருளின் நிர்வாகமும் இவர் தலைமேல் வந்தது. அவ்வேலை உச்சத்தில் இருந்தபோது எழுத்தர்கள், பொறி இயக்குவோர் உட்பட ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் ஈடுபட்டிருந்தனர். 1963 முதல் 1966 வரை அதற்குச் செலவான உழைப்பு, ஓர் ஆள் ஓர் ஆண்டு செய்யும் வேலையைக் கொண்டு கணக்கிட்டால், 5,000 ஆள்-ஆண்டுகள் என்று புரூக்ஸ் மதிப்பிட்டார். அவ்வளவு உழைத்தும் மென்பொருள் குறித்த காலத்தில் முடியவில்லை. செலவும் மதிப்பீட்டைப் போலப் பன்மடங்காயிற்று. 1965-இல் அவர் நிறுவனத்தை விட்டு வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணிக்குச் சென்றார். பத்தாண்டுகள் சிந்தித்தபின், 1975-இல், ‘தி மிதிக்கல் மேன்-மன்த்’ என்ற நூலை வெளியிட்டார். 2022-இல் அவர் காலமானார். அந்நூலோ இன்றும் படிக்கப்படுகிறது.

அந்நூல் முதலில் தகர்ப்பது ஆள் கணக்கைப் பற்றிய ஒரு மயக்கத்தை. நிரல் எழுதுவதில் மட்டும் பழகியவர் நிர்வாகியானதும், வேலை பின்தங்கினால் இன்னும் நால்வரைச் சேர்த்தால் ஈடாகிவிடும் என்று கருதுகிறார். கோதுமை அறுவடைக்கும் பருத்தி எடுப்புக்கும் இக்கணக்குப் பொருந்தும் என்று புரூக்ஸே ஒப்புக்கொள்கிறார். பருத்திக் காட்டில் பத்துப் பேர் இரண்டு நாளில் எடுப்பதை இருபது பேர் ஒரே நாளில் எடுத்துவிடலாம்; ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டிய தேவைகூட இல்லை. ஆனால் ஒரு தறியில் பாதி நெய்த சேலையை விரைவில் முடிக்க நால்வரை அத்தறியிலேயே அமர்த்த முடியுமா? மென்பொருள் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. பின்தங்கிய வேலையில் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் பின்தங்கும் என்பது புரூக்ஸ் கண்ட விதி. அவரே அதைச் சற்று மிகைப்படுத்திய சுருக்கம் என்று கூறினாலும், காரணங்கள் தெளிவானவை. புதியவருக்கு வேலை பழக்குவதற்காகப் பழையவர் தம் வேலையை நிறுத்த வேண்டும். முன்பே பங்கிட்ட வேலையை மீண்டும் பங்கிட வேண்டும். மேலும் ஒருவர் எழுதும் பகுதி மற்றவர் எழுதும் பகுதியோடு இசைய வேண்டுமாதலால், ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் கலந்து பேச நேரிடும். மூவர் உள்ள குழுவில் இத்தகைய இணைப்புகள் 3. பதின்மர் உள்ள குழுவில் 45. இருபதின்மர் ஆனால் 190. ஆட்கள் இரு மடங்காகும்போது பேச்சு நான்கு மடங்குக்கும் மேலாகிறது. இந்த இணைப்புகளைக் குறைத்து ஒழுங்குபடுத்துவது நிர்வாகியின் வேலையே என்பதைப் புதிதாகப் பதவி ஏற்றவர் பெரும்பாலும் தாமதமாகவே அறிகிறார்.

நிரல் எழுதும் காலம் மொத்தக் காலத்தில் எவ்வளவு என்பதும் வியப்பளிக்கக்கூடியது. புரூக்ஸ் கொண்ட கணக்கின்படி மூன்றில் ஒரு பங்கு திட்டமிடுவதற்கு. ஆறில் ஒரு பங்கே நிரல் எழுதுவதற்கு. எஞ்சிய பாதிக் காலம் முழுவதும் சோதித்துப் பார்ப்பதற்கு. பாவு ஓட்டிப் பதமாக்கித் தறியில் ஏற்றும் வேலையை நெசவுக் கணக்கில் சேர்க்காமல் தவணை சொன்னால் என்ன ஆகும் என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. முன்பு ஆறில் ஒரு பங்கில் மட்டும் தேர்ச்சி பெற்றிருந்தவர், இப்போது முழுவதற்கும் பொறுப்பாளர் ஆகிறார்.

ஓ.எஸ்./360 வேலையில் நிகழ்ந்த ஒரு முடிவு தனியே குறிப்பிடத்தக்கது. மென்பொருள் எவ்வாறு அமைய வேண்டும் என்ற முழு விவரத்தை முதலில் எழுத வேண்டியிருந்தது. அமைப்பை வகுக்கும் பிரிவின் தலைவர், தம்மிடமுள்ள தேர்ந்த பதின்மர் பத்து மாதங்களில் எழுதித் தருவர் என்றார். அது குறித்த தவணைக்கு மூன்று மாதங்கள் அதிகம். நிரல் எழுதும் பிரிவின் தலைவரோ, தம் 150 பேரும் அவ்வேலையைத் தவணைக்குள் முடிப்பர் என்றும், இல்லாவிடில் அவர்கள் பத்து மாதங்கள் வாளா இருக்க நேரிடும் என்றும் வாதிட்டார். அவ்வாறு ஒப்படைத்தாலும் தவணை தப்பும், தரமும் குன்றும் என்று முன்னவர் எச்சரித்தார். ஆயினும் 150 பேரைச் சும்மா வைத்திருக்க மனமின்றி, புரூக்ஸ் அவ்வேலையை அவர்களிடமே ஒப்படைத்தார். விவரம் மூன்று மாதங்கள் தாமதமாகவே வந்தது. தரமும் எச்சரித்தபடியே குறைந்தது. ஒருவர் சிந்தனையில் ஒருமையோடு உருவாகாத அமைப்பாதலால், பிழை திருத்தும் வேலையில் மட்டும் ஓராண்டு கூடிற்று என்று புரூக்ஸ் பிற்காலத்தில் கணித்தார்.

இந்நிகழ்ச்சி என் மனத்தில் தங்கியதற்குக் காரணம் உண்டு. ஆட்கள் சும்மா இருப்பதைக் காணப் பொறாமை எந்தப் பொறுப்பாளருக்கும் இயல்பான குணம்; நல்ல குணம் என்றே பலர் சொல்வர். அக்குணமே இங்கு ஓராண்டு இழப்பை உண்டாக்கியது. புரூக்ஸ் தொழில்நுட்பத்தில் எவருக்கும் இளைத்தவர் அல்லர். ஆயினும் அன்று அவர் தீர்க்க வேண்டியிருந்த கேள்வி தொழில்நுட்பக் கேள்வியன்று; யாரை நம்பி எதை ஒப்படைப்பது என்ற கேள்வி.

தம் கருத்தைப் பிற்காலத்தில் திருத்திக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை. அம்மென்பொருள் வேலையில் எல்லா விவரமும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று கருதி, ஒரு பொதுக் குறிப்பேடு வைத்தார்கள். ஆறு மாதங்களில் அதன் கனம் ஐந்து அடி ஆயிற்று. நியூயார்க்கில் அவர்கள் பணிபுரிந்த மாடிக் கட்டடத்தில் இருந்த நூறு படிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அக்கட்டடத்தையே மிஞ்சிவிடும் என்ற நிலை! டேவிட் பார்னஸ் என்ற அறிஞர் இதற்கு மாறாக, அவரவர் பகுதியின் உள்விவரம் மற்றவர்க்குத் தெரியாதிருப்பதே நலம். பகுதிகள் சேரும் இடம் மட்டும் தெளிவாக இருந்தால் போதும் என்று வாதிட்டார். 1975-இல் அதை ஏற்காத புரூக்ஸ், 1995-இல் வெளிவந்த மறுபதிப்பில் பார்னஸ் கூறியதே சரி என்று எழுதினார்.

இனி, புதிய நிர்வாகியை மிகுதியும் வருத்துவது அவருடைய சொந்தக் கைத்திறமே. குழுவில் அவரே மிகத் திறமையாளர். அதனால்தான் பதவி வந்தது. கடினமான பகுதி வந்தால் தாமே எழுதிவிட அவர் கை துடிக்கிறது. ஆனால் அவருடைய நாள் இப்போது கூட்டங்களாலும் கேள்விகளாலும் துண்டு துண்டாகிவிட்டது. அவர் எடுத்துக்கொண்ட பகுதி முடியாமல் கிடக்க, அதற்காக எண்மர் காத்திருக்கின்றனர். மற்றொரு தீங்கும் உண்டு. பழகும் பிள்ளையின் தறியில் இழை அறும்போதெல்லாம் மூத்தவரே வந்து முடிந்து கொடுத்தால், அப்பிள்ளையின் விரலுக்கு அம்முடிச்சு எந்நாளும் வராது. அதற்காக நிரலை முற்றும் துறந்துவிட வேண்டும் என்பாரும் உளர். அதை நான் ஏற்பதற்கில்லை. துறந்தவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் குழுவினர் பேசுவதே விளங்காமற் போகும். பிறர் எழுதியதைப் படித்துக் கருத்துரைப்பதும், எவரும் காத்திராத சிறு திருத்தங்களைச் செய்வதும் நடுவழி.

பிறருக்கு எந்த அளவு கை கொடுப்பது, எந்த அளவு விலகி நிற்பது? இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்ட்ரூ குரோவ் தம் 1983-ஆம் ஆண்டு நூலில் இதற்கு விடை கூறியுள்ளார். வேதியியல் பொறியியலில் பட்டம் பெற்ற அவரும் பொறியாளராயிருந்து நிர்வாகி ஆனவர். நிர்வாகியின் விளைச்சல் என்பது அவருடைய குழுவின் விளைச்சலும், அவருடைய செல்வாக்குக்கு உட்பட்ட அண்டைக் குழுக்களின் விளைச்சலும் சேர்ந்ததே என்பது அவர் கணக்கு. ஒருவரை எவ்வளவு கண்காணிப்பது என்பதை, அந்தக் குறிப்பிட்ட வேலையில் அவருக்குள்ள பழக்கத்தைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்கிறார். ஒன்றில் பழுத்தவர் மற்றொன்றில் புதியவராக இருக்கலாம். விற்பனையில் சிறந்தவரை ஆலையின் நிர்வாகத்தில் அமர்த்தினால் முதலில் அவரை அருகிருந்து வழிநடத்த வேண்டியிருக்கும். ஒவ்வொருவரோடும் தனித்து அமர்ந்து பேசும் வழக்கத்தை அவர் பெரிதும் வலியுறுத்தினார். அப்பேச்சு நிர்வாகி கணக்குக் கேட்பதற்கன்று. என்ன பேசுவதென்பதைக் கீழ்ப்பணியாளரே குறித்து வர வேண்டும் என்பது அவர் முறை. மேற்பார்வையே முக்கிய வேலையாக உள்ளவரிடம் ஆறு முதல் எட்டுப் பேர் வரை இருப்பதே தக்கது என்றும் அவர் கருதினார்.

நிர்வாகிகளே தேவையில்லை என்று ஒழித்துப் பார்த்தவர்களும் உண்டு. கூகிள் நிறுவனத்தில் 2002-ஆம் ஆண்டு வாக்கில் பொறியியல் மேலாளர்களை நீக்கி ஒரு சோதனை நடந்தது. செலவுச் சீட்டு முதல் சிறு சண்டை வரை யாவும் நிறுவனரிடமே நேராக வந்து சேர, சில மாதங்களில் அது கைவிடப்பட்டது. பின்னர் 2009-இல் அந்நிறுவனமே தன் நிர்வாகிகளைப் பற்றிய பதிவுகளை ஆராய்ந்து, நல்ல நிர்வாகியின் பண்புகள் எட்டை வரிசைப்படுத்தியது. முதலில் நின்றது பிறரைப் பயிற்றி வளர்க்கும் பண்பு. அடுத்தது ஒவ்வொன்றிலும் தலையிடாமை. தொழில்நுட்பத் திறன் எட்டாவது இடம் பெற்றது. தொழில்நுட்பம் வேண்டுவதே இல்லை என்று சிலர் இதற்குப் பொருள் கொள்கின்றனர். கடைசியில் நின்றாலும் பட்டியலில் அது இருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

எல்லாருக்கும் இவ்வேலை ஒவ்வாது. நிரலிலேயே இன்பம் காண்பவர், ஊதியம் உயர வேறு வழியில்லாமையால் மட்டும் நிர்வாகியாவது அவருக்கும் குழுவுக்கும் இழப்பு. இதற்காகவே பல நிறுவனங்கள் இரட்டை ஏணி முறையை வைத்துள்ளன: நிர்வாகத்துக்கு ஓர் ஏணி, தொழில்நுட்பத்துக்கு அதற்கு இணையான மற்றோர் ஏணி. ஏணி இருந்தால் மட்டும் போதாது. ஊதியமும் அறையும் மரியாதையும் ஒத்திருக்க வேண்டும் என்கிறார் புரூக்ஸ். தொழில்நுட்பத்திலிருந்து நிர்வாகத்துக்கு மாறும்போது ஊதியத்தை உயர்த்தக் கூடாது. அதைப் பதவி உயர்வு என்று அறிவிக்காமல் பணி மாற்றம் என்றே அறிவிக்க வேண்டும். எதிர்த்திசையில் மாறுவோருக்கு மட்டும் ஊதியத்தைக் கூட்டித் தர வேண்டும் என்று எழுதினார். உலக வழக்கின் சாய்வை நேராக்க எதிர்ப்பக்கம் சற்று மிகுதியாகவே இழுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இதை முழுமையாகக் கைக்கொள்ளும் நிறுவனங்கள் அரிது.

ஆகவே, நம் பிள்ளைகளுக்கு இவ்வழைப்பு வரும்போது அவர்கள் சிலவற்றை முன்னதாகவே கேட்டறியலாம். எத்தனை பேர் தம்மிடம் ஒப்படைக்கப்படுவர்? நிரல் எழுதும் பழைய வேலையும் முழு அளவில் தொடர வேண்டுமா, அன்றி அது குறைக்கப்படுமா? ஆட்களைத் தேர்வதிலும் ஊதியம் குறிப்பதிலும் தம் சொல்லுக்கு இடம் உண்டா? ஓராண்டு கழித்துத் தொழில்நுட்ப ஏணிக்கே திரும்ப விரும்பினால் ஊதியம் குறையாமல் ஏற்றுக்கொள்வார்களா? இக்கடைசிக் கேள்விக்கு விடையை எழுத்து மூலம் பெற்றுக்கொள்வது நலம். அவ்வாறு திரும்பி வரும் பிள்ளையிடம், ஏன் பதவி இறங்கினாய் என்று வீட்டில் உள்ளோரும் கேளாதிருக்க வேண்டும்.