உறைபனியில் கருகிய செம்பருத்தி: கவாத்து எப்போது, எவ்வளவு?

ஹூஸ்டன் பக்கம் ஒவ்வொரு குளிர்காலமும் முடியும் நேரத்தில் நம்மவர்களிடம் ஒரே கேள்விதான் சுற்றி வரும்: "செம்பருத்தி கருகிப்போச்சு, பிடுங்கிடலாமா?" பத்து வருஷமாக வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குப் பூக் கொடுத்த செடி, ஒரே ராத்திரியில் வேகவைத்த கீரை மாதிரி தொங்குவதைப் பார்த்தால் யாருக்கும் மனசு விட்டுப்போகும். 2021 பிப்ரவரி உறைபனிக்கு அடுத்த வாரம் எங்கள் தெருவில் குப்பை வண்டிக்காக வெளியே வைத்திருந்த செடிகளை எண்ணினேன். பதினொன்று. அதில் பாதியாவது உயிரோடு இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

முதலில், செடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். நாம் கோயிலுக்குப் பறிக்கும் செம்பருத்தி (ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ்) வெப்பநாட்டுச் செடி. 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனாலே மொட்டு உதிரும், வளர்ச்சி நிற்கும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் இலைச் செல்களுக்கு இடையே உள்ள நீர் உறைய ஆரம்பிக்கிறது. அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே உறிஞ்சி இழுக்க, செல் வற்றி, அதன் சவ்வு கிழிகிறது. காலையில் வெயில் பட்டதும் இலை கறுத்துத் தொங்குவது இதனால்தான். இலை மெல்லியது, அதனால் முதலில் போகும். அடுத்தது இளந்தண்டு. கட்டைத் தண்டு உள்ளே சூட்டைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். மண்ணுக்குள் இருக்கும் வேர்தான் கடைசி. ஆக, மேலே தெரியும் சேதத்தை வைத்துக் கீழே என்ன மிச்சம் என்று சொல்லவே முடியாது.

2021 பிப்ரவரி 16 அன்று ஹூஸ்டன் விமான நிலையத்தில் 13 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானது. அதாவது மைனஸ் 10.6 செல்சியஸ். அந்தக் குளிரில்கூட, அடிமரத்தைச் சுற்றி நல்ல மூடாக்கு போட்டிருந்த சில செடிகள் ஏப்ரல், மே மாதங்களில் வேர்ப்பக்கத்திலிருந்து துளிர்த்தன. தொட்டியில் வெளியே நின்றவை பெரும்பாலும் போயின. தொட்டி மண்ணை நாலு பக்கமும் குளிர் தாக்கும், வேரே உறைந்துவிடும்.

சரி, இப்ப என்ன பண்றது? கத்தரியைக் கீழே வையுங்கள். இதுதான் எல்லாரும் தவறவிடும் இடம். கருகின இலை அசிங்கமாக இருக்கிறது என்று அடுத்த நாளே வெட்டுகிறோம். வெட்டினால் செடிக்குக் கிடைக்கும் சேதி "துளிர்விடு" என்பது. நாலு நாள் வெயிலை நம்பிப் பச்சைத் துளிர் வரும், அடுத்த குளிர் அதையும் தின்றுவிடும். செடி சேமித்து வைத்திருந்த கொஞ்ச உணவும் வீண். இன்னொன்று, அந்தக் காய்ந்த இலைகள் கீழே இருக்கும் உயிருள்ள தண்டுக்குப் போர்வை.

எத்தனை நாள் பொறுப்பது என்பது குளிர் எப்போது வந்தது என்பதைப் பொறுத்தது. 2021இல் வந்தது பிப்ரவரி நடுவில். மூன்று நாலு வாரம் பொறுத்தால் போதும். 2022இல் கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே வந்துவிட்டது, இன்னும் முழுசாக இரண்டு மாதக் குளிர்காலம் பாக்கி. சேதம் ஒரே மாதிரி இருந்தாலும் காத்திருப்பு வேறு. ஹூஸ்டனுக்கு மார்ச் நடுப்பகுதி என்பது என் கணக்கு. டாலஸ்காரர்கள் இன்னும் சில வாரம் தள்ளிப் போடலாம்.

காத்திருக்கும் நாட்களில் தண்ணீர் விஷயத்தில் கை அடக்கம் வேண்டும். இலையே இல்லாத செடி தண்ணீர் குடிக்காது. பாவமே என்று தினம் ஊற்றினால், குளிருக்குத் தப்பிய வேர் அழுகலுக்குப் பலியாகும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். உரம் இப்போது வேண்டவே வேண்டாம்.

பிறகு நகத்தால் சுரண்டிப் பார்க்கும் சோதனை. தண்டின் மேல்பட்டையை லேசாகக் கீறினால் உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர். பழுப்பாக, காய்ந்திருந்தால் போய்விட்டது. இதை முதல் வாரத்தில் செய்து ஏமாறாதீர்கள். சேதமான திசு நிறம் மாறவே சில வாரம் எடுக்கும், அதுவரை செத்த தண்டும் பச்சை காட்டும்.

வெட்டும்போது நுனியிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டு மூன்று அங்குலமாக இறங்கி வர வேண்டும். வெட்டுமுகத்தின் நடுவே பழுப்பு தெரிந்தால் இன்னும் கீழே. வெளுத்த, ஈரமான மரம் தெரிந்ததும் நிறுத்தி, அதற்குக் கீழே வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவுக்குச் சற்று மேலே சாய்வாகக் கடைசி வெட்டு. செடிக்குச் செடி கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். தரைமட்டம் வரை போகவேண்டி வந்தாலும் பயம் வேண்டாம். செம்பருத்தி புதுத் தண்டில்தான் பூக்கும். ஆழமாக வெட்டினாலும் அந்த வருஷப் பூ போய்விடாது, தாமதமாகும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. கடையில் வாங்கிய பெரிய பூ ஹைப்ரிட் வகைகள் பல ஒட்டுச்செடிகள். ஒட்டுக்குக் கீழேயிருந்து மட்டும் துளிர் வந்தால், பிழைத்தது அடிச்செடி. நீங்கள் ஆசைப்பட்டு வாங்கின மஞ்சள் பூ திரும்பாது. ஊரிலிருந்து வந்த மாதிரியான ஒற்றையடுக்குச் சிவப்பு பெரும்பாலும் கம்பு நட்டு வளர்த்தது, எங்கிருந்து துளிர்த்தாலும் அதே பூதான். எனக்கு இதில்தான் பிரியம் அதிகம்.

வேரிலிருந்து பத்துப் பதினைந்து துளிர் சேர்ந்து வந்தால், தடித்த நாலைந்தை விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். ஒரு அடி வளர்ந்ததும் நுனி கிள்ளினால் கிளைக்கும். இலை நன்றாக விரிந்த பிறகு உரம், அதுவும் பாஸ்பரஸ் குறைவாகவும் பொட்டாசியம் கூடுதலாகவும் உள்ளது. "பூ நிறைய வரும்" என்று விற்கும் பாக்கெட்டுகள் பலவற்றில் பாஸ்பரஸ்தான் கூடுதல், செம்பருத்திக்கு அது ஒத்துவராது. இளந்துளிரைத் தேடி அசுவினியும் மாவுப்பூச்சியும் வரும், குழாய்த் தண்ணீரைப் பீச்சி அடித்தாலே பாதி ஓடிவிடும்.

மே முடிந்தும் அசைவே இல்லை என்றால் வேரைத் தோண்டிப் பாருங்கள். வெளுத்து உறுதியாக இருந்தால் மூடிவிட்டு இன்னும் கொஞ்ச நாள் விடலாம். கறுத்துக் கொழகொழவென்று இருந்தால் எடுத்துவிட வேண்டியதுதான். அதற்கு முன்னால் அது எந்தச் செம்பருத்தி என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அமெரிக்க மண்ணுக்கே உரிய ஹைபிஸ்கஸ் மாஷூடாஸ் வகை ஒவ்வொரு குளிர்காலமும் தரையோடு காய்ந்து, மற்றதெல்லாம் துளிர்த்த பிறகுதான் எழுந்திருக்கும். அதைச் செத்ததாக நினைத்துப் பிடுங்கியவர்கள் நிறைய.