தில்லிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

தலைநகரில் வாழும் தமிழர் எவரை வினவினாலும், “சென்னை மூன்று மணி நேரந்தானே!” என்று விடை கூறுவர். தூரத்தைக் காதத்தால் அளந்த காலம் போய், மணியால் அளக்கும் காலம் வந்துவிட்டது. ஆயினும் அந்த மூன்று மணி எதனைக் குறிக்கிறது என்பதை நாம் சற்று ஆராய்தல் நன்று.

இரு விமான நிலையங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 1,760 கிலோமீட்டர். இருப்புப்பாதை போபால், நாகபுரி, விஜயவாடா என வளைந்து செல்வதால் ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் நீள்கிறது. தமிழ்நாடு விரைவு வண்டி அதனைக் கடக்க 33 மணி நேரம் அளவில் ஆகிறது.

இக்காலத்து ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறப்பது. வகுத்துப் பார்த்தால் இரண்டேகால் மணிக்குள் சென்னை வந்துவிடவேண்டும். அட்டவணையோ மூன்று மணியை நெருங்குகிறது. காரணம் யாது? விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வது முதல், மறு நிலையத்தில் வந்து நிற்பது வரை உள்ள நேரமே அட்டவணையில் காண்பது. ஓடுபாதையை அடைவதும், மேலே ஏறுவதும், இறங்குமுன் வேகம் தணிவதும் அதனுள் அடங்கும்.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மீது மிக உயரத்தில் மேற்கிலிருந்து கடுங்காற்று வீசுகிறது. கொல்கத்தா செல்லும் விமானத்தை அது பின்னின்று தள்ளும். திரும்பும்போது எதிர்த்து நிற்கும். தெற்கே செல்லும் நமக்கு அது பெரும்பாலும் பக்கக் காற்றேயாதலால் வேறுபாடு குறைவு.

இக்கணக்கு ஏட்டோடு நிற்பதன்று. நம் நண்பர் ஒருவருக்கு ஒருநாள் காலை ஏழு மணிக்குக் கும்பகோணத்திலிருந்து செய்தி வந்தது, தந்தையார் காலமானார். “மூன்று மணி நேரம், பிற்பகலில் வந்துவிடுவேன், காத்திருங்கள்” என்று சொல்லிப் புறப்பட்டார். நண்பகல் விமானத்தில்தான் இடம் கிடைத்தது. சென்னையில் இறங்கி வெளியே வரும்போது மணி மூன்றரை. அங்கிருந்து சாலைவழி சுமார் 300 கிலோமீட்டர். வீட்டார் பொழுது சாயும்வரை பொறுத்திருந்தனர். அவர் வாசலை அடைந்தபோது இரவு ஒன்பதரை. திண்ணையில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

நேயர்களே! வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இத்தகைய நாள் என்றேனும் வரக்கூடும். அன்று பதற்றத்தில் கணக்குப் போடுதல் அரிது. ஆகையால், வீட்டிலிருந்து விமான நிலையம் செல்லும் நேரம், புறப்பாட்டுக்கு முன் அங்கே காத்திருக்கும் இரண்டு மணி, பறக்கும் மூன்று மணி, பெட்டி பெறும் அரைமணி, அதன்பின் சொந்த ஊர் சேரும் நேரம் ஆகியவற்றை இன்றே கூட்டி வைப்போம். ஊருக்கு அருகில் வேறு விமான நிலையம் உண்டா என்பதையும் அறிந்துகொள்வோம். வீட்டாரிடம் விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லாது, வாசற்படி ஏறும் நேரத்தையே சொல்வோம். அந்நேரத்துக்குள் வர இயலாதெனில், அதனையும் காலையிலேயே சொல்லிவிடுவது நம் கடமையாகும்.